உறுப்பு மாற்றத்துக்குப் பின் தீவிரப் பூஞ்சைத் தொற்று: அசோலா, ஆம்போடெரிசினா, எக்கினோகேண்டினா?

சிறுநீரகமோ கல்லீரலோ நுரையீரலோ மாற்றிப் பொருத்தப்பட்ட ஒருவருக்கு இரத்தத்திலோ நுரையீரலிலோ பூஞ்சை புகுந்துவிட்டது என்று தெரியவந்ததும், உறவினர்கள் கேட்பதும் பயிற்சி மருத்துவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இருக்கும் மருந்துகளில் வலிமையானது எது? இக்கேள்விக்கு நேரடியான விடை இல்லை. கையில் உள்ள மூன்று பெரிய மருந்து வகைகளும் தத்தம் இலக்குகளில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் அதற்கான விலையை வெவ்வேறு இடத்தில் வசூலிக்கிறது. அசோல் மருந்துகள், உறுப்பைக் காக்கக் கொடுக்கப்படும் மருந்துகளின் இரத்த அளவைக் குலைக்கின்றன. ஆம்போடெரிசின் பி சிறுநீரகத்தைத் தாக்குகிறது. எக்கினோகேண்டின்கள் உடலுக்கு மென்மையானவை. ஆனால் பல பூஞ்சைகளையும் உடலின் சில பகுதிகளையும் அவை எட்டுவதே இல்லை. எந்த நோயாளியால் எந்த விலையைத் தாங்க முடியும் என்று பார்ப்பதே இங்கு உண்மையான தேர்வு.

இக்கட்டுரை சிகிச்சைக் குழு எதை எண்ணி எதைத் தேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவுவதற்காக எழுதப்படுகிறது. இதில் வரும் மருந்தளவுகள் வழக்கமானவை மட்டுமே. எவரும் இதைக் கொண்டு தாமாக மருந்தை மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

## முதலில் அளவுகோல்கள்

முதலாவதும் முதன்மையானதும் எந்தப் பூஞ்சை என்பது. வயிற்று அறுவைக்குப் பின், குறிப்பாகக் கல்லீரல் மாற்றத்துக்குப் பின், கேண்டிடா முன்னணியில் நிற்கிறது. நுரையீரல் மாற்றம் செய்தவர்களிடம் அஸ்பெர்ஜில்லஸ் அதிகம். கிரிப்டோகாக்கஸ் பெரும்பாலும் தாமதமாக, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வருகிறது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடமும் அதிக ஸ்டீராய்டு பெற்றவர்களிடமும் மியூக்கோர் வகைப் பூஞ்சையை நினைவில் வைத்தாக வேண்டும். அமெரிக்காவின் 23 மாற்று மையங்களைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், உறுப்பு மாற்றம் பெற்றவர்களிடம் ஏற்பட்ட ஊடுருவும் பூஞ்சைத் தொற்றுகளில் ஏறத்தாழ பாதி கேண்டிடா, ஐந்தில் ஒரு பங்கு அஸ்பெர்ஜில்லஸ், 8 சதவீதம் கிரிப்டோகாக்கஸ்.

சோதனையில் பூஞ்சை வளர்ந்ததாலேயே அது நோய் ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சளியில் கேண்டிடா தென்படுவது பெரும்பாலும் வெறும் குடியிருப்பு. சிறுநீரில் அறிகுறி ஏதுமின்றிக் கேண்டிடா இருந்தால், வடிகுழாயை அகற்றுவதே பல நேரங்களில் போதுமானது. தேவையற்ற ஓர் அசோல் மாத்திரை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்போது, இல்லாத நோய்க்கு உண்மையான விலை கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது அளவுகோல் மருந்துகளுக்கு இடையிலான மோதல். உறுப்பு நிராகரிக்கப்படாமல் இருக்க டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ், எவரோலிமஸ் போன்றவற்றில் ஒன்றோ இரண்டோ நாள்தோறும் உட்கொள்ளப்படுகின்றன. இவை அனைத்தும் கல்லீரலிலும் குடல் சுவரிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதியால் சிதைக்கப்படுகின்றன; போதுமான அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையே இவற்றுக்கு உள்ள இடைவெளி மிகக் குறுகலானது.

மூன்றாவது, சிறுநீரகமும் கல்லீரலும் இப்போது எந்த நிலையில் உள்ளன என்பது. நான்காவது, தொற்று இருக்கும் இடம்: மூளை, கண், சிறுநீர்ப் பாதை ஆகிய மூன்றும் பல மருந்துகள் சரியாகச் சென்று சேராத இடங்கள். ஐந்தாவது, சிகிச்சையின் நீளம்: ஆறு முதல் பன்னிரண்டு வாரம், சில வேளைகளில் ஓராண்டு. அவ்வளவு காலமும் நரம்பூசிதான் என்றால் வீடு திரும்புவதே கடினம். நெடுநாள் நரம்புக் குழாயே புதிய தொற்றுக்கு வாசலாகிவிடும்.

## அசோல்கள்: வாய்வழிச் சிகிச்சையின் வசதியும் அதற்கான கணக்கும்

பூஞ்சையின் செல்சவ்வுக்கு இன்றியமையாத எர்கோஸ்டெரால் உருவாவதை அசோல்கள் தடுக்கின்றன. இந்த வகையை ஒரே மருந்தாக எண்ணுவது பெரும் பிழை. ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல், பொசகோனசோல், இசாவுகோனசோல் நான்கும் எட்டும் பூஞ்சைகளின் வீச்சிலும் பக்கவிளைவிலும் வெகுவாக வேறுபடுகின்றன.

ஃப்ளூகோனசோல் எளிமையானது. மாற்றமடையாமலே சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப் பாதைக் கேண்டிடாவுக்கு அதற்கு இணையாக வேறெதுவும் இல்லை. மூளைத் தண்டுவட நீரிலும் நன்கு சேர்கிறது. ஆனால் அஸ்பெர்ஜில்லஸ் மீதும் மியூக்கோர் மீதும் அதற்குப் பலன் இல்லை. கேண்டிடா குருசேயி இயல்பிலேயே அதற்கு அடங்காதது. கேண்டிடா கிளாப்ரேட்டா பல வேளைகளில் அடங்குவதில்லை.

வோரிகோனசோல் நெடுங்காலமாக அஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்கான முதல் தேர்வு. 2002-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், பன்னிரண்டு வார முடிவில் வோரிகோனசோல் பெற்றவர்களில் 70.8 சதவீதத்தினரும் பழைய வகை ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 57.9 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தனர். 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இசாவுகோனசோல் இறப்பு விகிதத்தில் வோரிகோனசோலுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது (42 நாளில் 19 சதவீதம், 20 சதவீதம்). மருந்தால் நேர்ந்த பாதிப்புகளோ இசாவுகோனசோல் பெற்றவர்களிடம் தெளிவாகக் குறைவு. பொசகோனசோலும் 2021-இல் இதே தகுதியை நிறுவியது. இம்மூன்று ஆய்வுகளிலும் பெரும்பாலானவர்கள் இரத்தப் புற்றுநோயாளிகளும் எலும்பு மச்சை மாற்றம் பெற்றவர்களும்தான். உறுப்பு மாற்றம் பெற்றவர்கள் மிகச் சிலரே. ஆகவே இந்த எண்களை அப்படியே இங்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. திசை சரியானது, அளவு துல்லியமானதல்ல என்றே கொள்ளலாம்.

இனி மறைந்திருக்கும் விலை. வோரிகோனசோலும் பொசகோனசோலும் சிஒய்பி3ஏ4 நொதியை வலுவாகத் தடுக்கின்றன. ஆகையால் இவற்றைத் தொடங்கும் அன்றே டாக்ரோலிமஸ் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்குமாறு மருந்துக் குறிப்பு கூறுகிறது. சைக்ளோஸ்போரினை வோரிகோனசோலுடன் பாதியாகவும் பொசகோனசோலுடன் முக்கால் பங்காகவும் குறைக்க வேண்டும். சிரோலிமஸை இவ்விரண்டுடனும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதே குறிப்பின் நிலை. தவிர்க்கவே முடியாமல் கொடுப்பவர்கள் பத்தில் ஒரு பங்கு போன்ற சிறு அளவில், இடைவிடாத கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். இசாவுகோனசோலின் தடை மிதமானது. அதுவும் டாக்ரோலிமஸின் மொத்த வெளிப்பாட்டை இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக உயர்த்தக்கூடியது. "மென்மையான அசோல்" என்ற பெயரை நம்பி இரத்தச் சோதனையைத் தள்ளிப்போட்டால் சிறுநீரகம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வோரிகோனசோலின் இரத்த அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதைச் சிதைக்கும் மற்றொரு நொதியின் வேகம் மரபணுவைப் பொறுத்தது. ஒருவருக்குப் போதாத அளவு இன்னொருவருக்கு நச்சாகிறது. அடுத்த வேளை மருந்துக்கு முன் எடுக்கும் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 1 முதல் 5.5 மைக்ரோகிராம் வரை இருப்பதே வழக்கமான இலக்கு. இந்த அளவைச் சோதிக்கும் வசதி இல்லாத இடத்தில் வோரிகோனசோலைத் தேர்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும்.

நெடுநாள் பயன்பாட்டில் பார்வைத் தடுமாற்றம், கல்லீரல் பாதிப்பு, வெயில் பட்டால் தோல் சிவத்தல் ஆகியவை வரலாம். மருந்தில் உள்ள ஃப்ளூரைடு சேர்ந்து எலும்பு உறையில் வலியையும் உண்டாக்கலாம். நுரையீரல் மாற்றம் பெற்றவர்களிடம் நீண்டகால வோரிகோனசோலுக்கும் தோலின் செதிள்செல் புற்றுநோய்க்கும் தொடர்பு கண்டறியப்பட்டுள்ளது. இவர்கள் ஏற்கெனவே தோல் புற்றுநோய் வாய்ப்பு மிகுந்தவர்கள் என்பதால், சிகிச்சை மாதக்கணக்கில் நீளும் என்று தெரிந்தால் வேறு அசோலுக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து. பொசகோனசோல் சிலரிடம் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். இசாவுகோனசோலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: மற்ற அசோல்கள் இதயத் துடிப்புப் பதிவில் க்யூடி இடைவெளியை (ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மின்னளவில் மீள எடுக்கும் நேரம்) நீட்டும்போது, இது அதைச் சுருக்குகிறது. வேறு மருந்துகளால் அந்த இடைவெளி ஏற்கெனவே நீண்டிருப்பவருக்கு இது ஒரு வசதி. பிறவியிலேயே குறுகிய க்யூடி உள்ளவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது.

வோரிகோனசோல், பொசகோனசோல் ஊசிகளில் மருந்தைக் கரைத்து வைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்மம், சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் தேங்குகிறது. இசாவுகோனசோல் ஊசியில் அது இல்லை.

## லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி: அகன்ற வீச்சு, சிறுநீரகத்தின் மீது சுமை

எந்தப் பூஞ்சை என்று தெரியாமல், நோயாளி கண்முன்னே மோசமாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் நம்பக்கூடிய முதல் மருந்து, நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைக்கப்பட்ட இந்த ஆம்போடெரிசின்தான். இது எர்கோஸ்டெராலுடன் நேரடியாகப் பிணைந்து பூஞ்சையின் சவ்வைச் சிதைக்கிறது. கேண்டிடா, அஸ்பெர்ஜில்லஸ், கிரிப்டோகாக்கஸ், மியூக்கோர், ஹிஸ்டோபிளாஸ்மா என அனைத்தும் இதன் எல்லைக்குள் வருகின்றன. விதிவிலக்குகளும் உண்டு: அஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் இதற்குப் பணியாது, கேண்டிடா ஆரிஸ் பல வேளைகளில் எதிர்த்து நிற்கும்.

மியூக்கோர் தொற்றில் தேர்வு என்று ஒன்றுமே இல்லை. நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் லைப்போசோமல் ஆம்போடெரிசின், கூடவே அழுகிய திசுக்களை விரைந்து வெட்டி அகற்றும் அறுவை, நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவருதல் ஆகிய மூன்றும் ஒருசேரத் தேவை. வோரிகோனசோலுக்கு இப்பூஞ்சை மீது பலன் இல்லை. பொசகோனசோலும் இசாவுகோனசோலும் பின்னர் மாத்திரைக்கு மாறும் கட்டத்திலோ ஆம்போடெரிசினைத் தாங்க முடியாதபோதோ துணைக்கு வருகின்றன.

இம்மருந்தின் பெரும் வசதி, டாக்ரோலிமஸ் சிதைவில் இது தலையிடுவதில்லை என்பது. ஆனால் சிறுநீரகத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் சிறுநீரக இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. ஆம்போடெரிசினும் அதையே செய்து, குழல் செல்களையும் தாக்குகிறது. சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறும், பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் கசிந்து இறங்கும். மருந்துக்கு முன் உப்புநீர் செலுத்துவதும், இந்த மூன்றையும் அடிக்கடி அளப்பதும் சேதத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. பழைய டிஆக்ஸிகோலேட் வகையை விட லைப்போசோமல் வகை சிறுநீரகத்துக்கு வெகுவாகப் பாதுகாப்பானது. விலை வேறுபாட்டைக் காரணம் காட்டிப் பழைய வகையைத் தேர்வோர், அதனால் வரும் டயாலிசிஸின் செலவையும் மாற்றுச் சிறுநீரகத்தின் இழப்பையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

"அளவைக் கூட்டினால் பலன் கூடுமே" என்ற எண்ணமும் இங்கு அடிக்கடி எழுகிறது. அஸ்பெர்ஜில்லஸ் போன்ற இழைப் பூஞ்சைத் தொற்றுகளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமையும் 10 மில்லிகிராமையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வில், அதிக அளவுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது.

## எக்கினோகேண்டின்கள்: குறைந்த தொல்லை, குறுகிய எல்லை

காஸ்போஃபங்கின், மைகாஃபங்கின், அனிடுலாஃபங்கின் ஆகியவை பூஞ்சைச் செல்சுவரின் குளூக்கான் உருவாவதைத் தடுக்கின்றன. மனிதச் செல்லுக்குச் சுவரே இல்லாததால் நச்சுத்தன்மை குறைவு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தாலும் அளவை மாற்ற வேண்டியதில்லை. டாக்ரோலிமஸுடன் மோதலும் சொற்பம்: காஸ்போஃபங்கின் அதன் அளவை 20 சதவீதம் அளவுக்குக் குறைக்கலாம்; சைக்ளோஸ்போரின் காஸ்போஃபங்கினின் அளவை ஏற்றும் என்பதால் கல்லீரல் சோதனைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அனிடுலாஃபங்கின் கல்லீரலின் உதவியின்றித் தானாகவே சிதைவதால், கல்லீரல் செயலிழந்த நிலையிலும் பயன்படும்.

இரத்தத்தில் கேண்டிடா இருக்கும்போது தொடக்க மருந்தாக இவற்றையே நான் முதலில் வைப்பேன். ஆனால் கிரிப்டோகாக்கஸ், மியூக்கோர் இரண்டின் மீதும் இவற்றுக்குப் பலன் இல்லை. அஸ்பெர்ஜில்லஸ் மீது தனியாக நம்பத்தக்கவை அல்ல. கண், மூளை, சிறுநீர் ஆகிய மூன்றிலும் போதிய அளவு சேர்வதில்லை. நாள்தோறும் ஊசி தேவை; வாரம் ஒருமுறை போதுமான ரெசாஃபங்கினுக்கு 2023-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்துள்ளது என்றாலும் அதுவும் நரம்பூசிதான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வோரிகோனசோல் | இசாவுகோனசோல் | லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி | எக்கினோகேண்டின்கள் |
|---|---|---|---|---|
| இரத்தத்தில் கேண்டிடா | மாற்று மருந்து | முதல் தேர்வல்ல | மாற்று மருந்து | முதல் தேர்வு |
| அஸ்பெர்ஜில்லஸ் | முதல் தேர்வு | முதல் தேர்வு | அசோல் இயலாதபோது | துணை மட்டும் |
| மியூக்கோர் | பலன் இல்லை | இரண்டாம் நிலை | முதல் தேர்வு | பலன் இல்லை |
| டாக்ரோலிமஸ் அளவு | வெகுவாக ஏறும் | மிதமாக ஏறும் | நேரடி மாற்றம் இல்லை | மிகச் சிறிய மாற்றம் |
| சிறுநீரகச் சுமை | டாக்ரோலிமஸ் ஏற்றத்தின் வழியாக | அதே வழியில், குறைவாக | நேரடியாக, மிகுதியாக | மிகக் குறைவு |
| மூளையைச் சேர்தல் | நன்று | பயன்படும் | மருத்துவப் பலன் உண்டு | போதாது |
| சிறுநீரைச் சேர்தல் | போதாது | போதாது | போதாது | போதாது |
| மாத்திரை வடிவம் | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |

## எந்தச் சூழலில் எது

கல்லீரல் மாற்றம் முடிந்து இரண்டாம் வாரத்தில் இரத்தத்தில் கேண்டிடா வளர்ந்திருந்தால், எக்கினோகேண்டினில் தொடங்கி, மைய நரம்புக் குழாயை இயன்றவரை அகற்றி, கண் பரிசோதனை செய்து, இரத்தம் தூய்மையான நாளிலிருந்து குறைந்தது 14 நாள் தொடர்வது பொருத்தமானது. நோயாளி தேறியபின், பூஞ்சை கட்டுப்படும் இனம் என்று ஆய்வகம் உறுதி செய்தால், ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு மாறலாம்.

நுரையீரல் மாற்றம் பெற்றவருக்கு அஸ்பெர்ஜில்லஸ் என்றால் வோரிகோனசோலுக்கும் இசாவுகோனசோலுக்கும் இடையில்தான் போட்டி. இரத்த அளவுச் சோதனை வசதி, கல்லீரல் நிலை, தோல் புற்றுநோய் வரலாறு ஆகிய மூன்றையும் பார்த்தால் விடை பெரும்பாலும் தானே வந்துவிடும். சிரோலிமஸ் தவிர்க்க முடியாதது என்றால் இசாவுகோனசோலின் பக்கம் தராசு சாயும்.

மாற்றுச் சிறுநீரகத்தின் சிறுநீர்ப் பாதையில் உண்மையான கேண்டிடா நோய் இருந்தால் ஃப்ளூகோனசோல்தான். கிளாப்ரேட்டா போன்று அதற்கு அடங்காத இனம் வந்துவிட்டால் நிலை சிக்கலாகிறது: பழைய ஆம்போடெரிசின் டிஆக்ஸிகோலேட் சிறுநீரில் சேர்கிறது, ஆனால் அதே சிறுநீரகத்தையே தாக்குகிறது. லைப்போசோமல் வகை சிறுநீரில் போதிய அளவு சேராததால், அதன் பாதுகாப்பு பலன் தராத ஓரிடம் இதுவே.

கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் தனி வகை. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3 முதல் 4 மில்லிகிராம் லைப்போசோமல் ஆம்போடெரிசினும், ஃப்ளூசைட்டோசின் என்ற மற்றொரு பூஞ்சை மருந்தும் குறைந்தது இரண்டு வாரம்; பின் எட்டு வாரம் அதிக அளவு ஃப்ளூகோனசோல்; அதன்பின் 6 முதல் 12 மாதம் குறைந்த அளவில் அதே மருந்து. ஃப்ளூசைட்டோசின் எலும்பு மச்சையை ஒடுக்குவதால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோபீனோலேட்டும் வைரஸ் எதிர்ப்பு மருந்தான வால்கான்சிக்ளோவிரும் பெறுபவரின் இரத்த அணுக்களை அடிக்கடி எண்ண வேண்டும். ஆப்பிரிக்காவில் எச்ஐவி நோயாளிகளிடம் 2022-இல் வெற்றி கண்ட ஒற்றை உயர் அளவு ஆம்போடெரிசின் முறையை, தனி ஆதாரம் வரும்வரை உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

## எல்லா வழிகளுக்கும் பொதுவான தேர்வு: எதிர்ப்பாற்றலை எவ்வளவு விடுவிப்பது

எந்த மருந்தைத் தேர்ந்தாலும், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கிவைத்திருக்கும் மருந்துகளைக் குறைக்காமல் தொற்று முழுமையாக அடங்குவது அரிது. பொதுவாக மைக்கோபீனோலேட் முதலில் குறைக்கப்படுகிறது அல்லது நிறுத்தப்படுகிறது. டாக்ரோலிமஸ் இலக்கு தாழ்த்தப்படுகிறது. ஸ்டீராய்டு குறைந்த அளவில் தொடர்கிறது. எவ்வளவு துணியலாம் என்பதை உறுப்பே தீர்மானிக்கிறது. சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் உண்டு. இதயமும் நுரையீரலும் கல்லீரலும் போனால் அவ்வாறு நீண்டகாலம் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லை. ஆகவே உயிருக்கே ஆபத்தான மியூக்கோரில், சிறுநீரக நோயாளியின் மருந்துகளை ஏறத்தாழ முழுவதும் நிறுத்துவதைக்கூட ஏற்கலாம்; இதய நோயாளியிடம் அது இயலாது.

அவசரமாகக் குறைப்பதிலும் ஆபத்து உண்டு. கிரிப்டோகாக்கஸ் தொற்றில் எதிர்ப்பாற்றல் திடீரென மீளும்போது, பூஞ்சை செத்துக்கொண்டிருக்கும்போதே அழற்சி பெருகி, நோய் திரும்பியதுபோலத் தோன்றும். மருந்து தோற்றுவிட்டது என்று தவறாக எண்ணி அடுத்த மருந்துக்குத் தாவுவது இங்குதான் அதிகம். டாக்ரோலிமஸுக்கே கிரிப்டோகாக்கஸை ஆய்வகத்தில் ஓரளவு தடுக்கும் தன்மை உண்டு என்பதும், அதை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க ஒரு துணைக் காரணம்.

## மருந்தை முடிக்கும் நாள்

மூன்று வழிகளிலும் அசோல்தான் முடிக்கும்போது மிகவும் கவனம் கேட்பது. தொடங்கும்போது டாக்ரோலிமஸைக் குறைக்க எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அசோல் நின்றதும் நொதி மீண்டும் விழித்துக்கொள்ளும் என்பதும், குறைத்து வைத்த டாக்ரோலிமஸ் அப்போது போதாமல் போகும் என்பதும் எளிதில் விடுபட்டுவிடுகின்றன. அதன் விளைவு நிராகரிப்பு. அதை அடக்க அதிக ஸ்டீராய்டு. அதனால் பூஞ்சை திரும்பும் வாய்ப்பு. வோரிகோனசோலின் தடை சில நாட்களில் விலகிவிடும். இசாவுகோனசோல் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து நாட்களுக்கு மேல் ஆவதால், அதன் தாக்கம் வாரக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. முதல் வாரச் சோதனை சரியாக இருந்ததை நம்பி அதோடு நிறுத்திவிடக் கூடாது. எனவே அசோலின் கடைசி மாத்திரைக்கான தேதியைக் குறிக்கும்போதே, அதன்பின் டாக்ரோலிமஸ் அளவு எந்தெந்த நாட்களில் சோதிக்கப்படும், முடிவைப் பார்த்து அளவை உயர்த்துபவர் பூஞ்சை மருத்துவரா மாற்று மருத்துவரா என்ற இரண்டையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.